தண்ணீர் என்றோர் எதுகை

மழலையர் வகுப்பில் பந்துருட்டி, ஒலியொத்த சொற்களைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். 'நண்டு' என்று சொல்லிப் பந்தை உருட்டுவோம். அதைப் பெறும் குழந்தை இணையான சொல்லொன்றைச் சொல்லித் திருப்பி உருட்டவேண்டும். வண்டு, குண்டு, துண்டு என வந்துகொண்டிருந்தன சொற்கள்.

சேர்ந்த நாள்முதல் வாய் திறவாதிருந்த சிறுமியிடம் பந்து சென்றது. "தண்ணீர்" என்றாள்.

"அது சேராதும்மா" என்றோம். பிள்ளைகள் சிரித்தனர். பந்தை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தாள்.

மாலையில்தான் உறைத்தது. இறுதி ஒலி ஒன்றுவது இயைபு. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை. தொல்காப்பியச் செய்யுளியல் இரண்டையும் தனித்தனியே வகுத்திருக்கிறது. நண்டுக்குத் தண்ணீர் பழுதற்ற எதுகை. ஆங்கில மழலைப் பாடல்களில் பழகிப்போன எங்கள் செவிதான் சொல்லின் வாலையே தேடியிருக்கிறது.

மறுநாள் முதற்பந்தை அவளிடமே உருட்டி, "தண்ணீர்" என்றோம். சற்று யோசித்து, "கண்ணாடி" என்றாள். அடுத்தவன் "கிண்ணம்" என்றான். "வெண்ணெய்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. முதல்நாள் அவள் எதுகை சொன்னாளா, தாகமென்று சொன்னாளா? எதுவாயினும், நாங்கள் அளித்த விடை பிழையே.