‘மா’ என்றொரு சீன எழுத்து

பத்து முஸ்லிம்களைக் கூப்பிட்டால் அவர்களுள் ஒன்பது பேர் ‘மா’ என்னும் குடும்பப் பெயருடையவர்களாக இருப்பர் என்று சீன நாட்டில் ஒரு வழக்குண்டு. மிகைதான். ஆயினும் நிங்ஸியா, கான்சு, யுன்னான் ஆகிய பகுதிகளில் வாழும் ஹுயி முஸ்லிம்களிடையே மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர் அதுவே. அதனை எழுதப் பயன்படும் சீன எழுத்தின் பொருள் ‘குதிரை’ என்பதாகும்.

குதிரைக்கும் முஸ்லிமுக்கும் என்ன உறவு? அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருப்பெயரே அவ்வுறவு. சீன எழுத்து நம் எழுத்தைப் போன்று ஒலியை மட்டும் குறிப்பதன்று. ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. பெரும்பாலும் தனக்கென ஒரு பொருளும் உடையது. அயல்நாட்டுப் பெயரை எழுத வேண்டுமாயின், ஒலி ஒத்த எழுத்துகளை வரிசையாக வைப்பதன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை. ‘முஹம்மது’ என்னும் பெயரை மிங் காலத்து ஏடுகள் ‘மா-ஹா-மா’ என்று மூன்றெழுத்தில் எழுதின. முதல் எழுத்து, குதிரை! சீனருக்குக் குடும்பப் பெயர் முன்னே வரும்; பெரும்பாலும் ஓரெழுத்தில் அடங்கும். ஆகவே, முஹம்மது, மஹ்மூது முதலிய பெயர்களைத் தாங்கியோரின் வழித்தோன்றல்கள் பலர் அந்த முதலெழுத்தையே தம் குடும்பப் பெயராகக் கொண்டனர். 1368இல் மிங் மரபினர் ஆட்சிக்கு வந்தபின், சீனரோடு சீனராகக் கலந்து வாழ வேண்டிய சூழலில் இவ்வழக்கம் பரவிற்று.

இதனால் ‘மா’ என்போர் யாவரும் முஸ்லிம்கள் என்று எண்ணிவிடலாகாது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே அப்பெயர் பூண்ட பழங்குடும்பம் ஒன்று அங்கு உண்டு. அலிபாபா நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் மாவும் முஸ்லிம் அல்லர். நம்மவரிற் சிலர் கேள்விப்பட்டதும் உரிமை கொண்டாடிவிடுவர். அதற்காகவே இதனைச் சொல்ல நேர்ந்தது.

எழுத்தின் பிறப்பும் சுவையானது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன், ஷாங் மன்னர்கள் குறிகேட்டுப் பொறித்த எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும் இது குதிரையின் படமாகவே இருக்கின்றது. கண், பிடரிமயிர், கால்கள், வால் அனைத்தும் தெரியும். காலப்போக்கில் படம் கோடுகளாயிற்று. பிடரிமயிர் கிடைக்கோடுகளாயிற்று, கால்கள் அடியிலுள்ள நான்கு புள்ளிகளாயின. மொத்தம் பத்து இழுப்புகள். 1950களில் சீன அரசு அதனை மூன்று இழுப்புகளாகச் சுருக்கியது. தைவானும் ஜப்பானும் பழைய வடிவத்தையே போற்றி வருகின்றன. ஜப்பானியர் அவ்வெழுத்தைத் தனியே நிற்கையில் ‘உமா’ என்றும், கூட்டுச் சொற்களில் பெரும்பாலும் ‘பா’ என்றும் படிப்பர். கொரியருக்குக் குதிரை ‘மல்’. ஆனால் எழுத்தின் ஒலிப்பு ‘மா’. வியட்நாமியரும் நூல்வழக்கில் ‘மா’ என்றே படித்தனர். பேச்சு வேறாயினும் எழுத்தைக் கண்டால் பொருள், அவ்வெழுத்தைக் கற்றோர் அனைவருக்கும் விளங்கும்.

அதே எழுத்து பிற எழுத்துகளுக்குள் புகுந்து ஒலியை மட்டும் கொடுப்பதும் உண்டு. ‘பெண்’ என்னும் குறியோடு குதிரையைச் சேர்த்தால் ‘அம்மா’ எனப் பொருள்படும் எழுத்தாகும். ‘குதிரைமேல்’ என்றால் ‘உடனே’ என்று பொருள். படகுத் துறைக்குச் சீனர் சொல்லும் ‘மாத்தௌ’ என்னும் சொல்லைப் பழங்காலத்தில் ‘குதிரைத் தலை’ என்றே எழுதினர். காசிமேட்டுத் துறையைத் தினமும் கடந்து செல்லும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்!

நம் பழந்தமிழிலும் ‘மா’ என்றால் விலங்கு, சிறப்பாகக் குதிரை. இது தற்செயலான ஒற்றுமையே. இதைக் கொண்டு தமிழும் சீனமும் உடன்பிறந்தவை என்று வாதிடுவோர் பின்னே நான் செல்லமாட்டேன். ஆனால் வரலாறு தந்த தொடர்பு ஒன்று உண்மையாகவே உண்டு. அரபியர் சோழமண்டலக் கரையை ‘மஅபர்’ என்றனர். சீனத்தின் யுவான் வரலாற்று ஏடு அதனை ‘மா-பா-அர்’ என்று குதிரை எழுத்திட்டே எழுதியுள்ளது. பாண்டியர் ஆட்சியில் அரபு வணிகர் ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகளை இறக்கியது இக்கரையிலேதான். காயல் துறையில் அதனை மார்க்கோ போலோ எழுதிவைத்துள்ளார். நம்முள் ‘இராவுத்தர்’ என்னும் பெயரும் குதிரை வீரரைக் குறிப்பதே. பிற்காலத்தில் ‘மெட்ராஸ்’ என்பதைச் சீனர் எழுதியபோதும் முதலெழுத்து அதுவே.

எம் பகுதியில் ஒரு தாய் அண்மையில் என்னைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். மகனின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ‘முகமது’ என முழுமையாகவும், வேறோர் ஆவணத்தில் ‘எம்.டி.’ எனச் சுருங்கியும் இருக்கின்றது. வளைகுடாவில் வேலை கிடைத்தும் கடவுச்சீட்டு கைக்கு வரவில்லை. “ஹஜ்ரத், அந்தப் பெயரையே எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? வழக்கு வம்பு இல்லாமல் போகுமே” என்று கண்கலங்கினார். “வேண்டாம் தாயே, அரசிதழில் அறிவித்து எல்லா ஆவணங்களிலும் முழுப் பெயரையே ஏற்றிக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள்” என்றேன். அவர் முகம் தெளியவில்லை. வேலை தரும் முதலாளி பொறுப்பாரா என்ற அச்சம் அவருக்கு. அது நியாயமான அச்சமே.

சீன முஸ்லிம்கள் ஓரெழுத்தில் சுருக்கினரே, நாம் சுருக்கினால் என்ன என்று எவரேனும் கேட்கலாம். அவர்களுக்கு வாய்த்த எழுத்து அத்தகையது. குடும்பப் பெயருக்கு ஓரெழுத்தே இடம். அந்த ஓரிடத்திலும் அண்ணலாரின் பெயரை வைத்தார்கள். தமிழில் நமக்கு அந்த நெருக்கடி இல்லை. முழுப் பெயரையும் எழுத எழுத்தும் இடமும் இருக்கின்றன. ‘எம்.டி.’ என்பது எழுதுவோரின் சோம்பல் அன்றி வேறில்லை. மற்றபடி, பெயர் ஊரின் உடையை உடுத்துவதில் குற்றமில்லை. பீட்டரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘இராயப்பர்’ ஆக்கினர். அவர் பெயரால் நம் இராயபுரம் நிற்கின்றது.

‘மா’ குடும்பத்தாருள் உலகறிந்தவர் கடற்படைத் தலைவர் செங் ஹே. 1371இல் யுன்னானில் பிறந்த அவருடைய இயற்பெயர் மா ஹே. மிங் படையினர் அவரைச் சிறுவயதில் சிறைபிடித்து, ஆண்மை நீக்கி, அரண்மனை ஊழியராக்கினர். பேரரசரே 1404இல் ‘செங்’ என்னும் பெயரைச் சூட்டினார். 1405 முதல் 1433 வரை ஏழு முறை கடலோடினார். உடன்சென்ற மொழிபெயர்ப்பாளர் மா ஹுவானும் முஸ்லிமே. கள்ளிக்கோட்டையில் இருபது, முப்பது பள்ளிவாசல்கள் இருந்ததை அவர் எழுதியுள்ளார். செங் ஹே இலங்கையில் நாட்டிய கல்வெட்டு 1409ஆம் ஆண்டு தேதியுடையது. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் நோக்கிப் பேசுகின்றன. காணிக்கையோ பொன் 1,000, வெள்ளி 5,000 என ஏறத்தாழ ஒன்றே. அவை பேரரசர் பெயரால் வைக்கப்பட்டவை. அம்மனிதரின் ஈமானைப் பற்றி நாம் தீர்ப்புரைக்க வேண்டியதில்லை.

முதற் பயணத்தின் ஆண்டான 1405இல், தம் தந்தைக்காக அவர் யுன்னானில் நிறுவச் செய்த கல்லறைக் கல் இன்றும் உள்ளது. மகன் ‘செங்’ ஆகிவிட்ட பின்பும், தந்தையின் குடும்பப் பெயர் ‘மா’ என்றும், பெயர் ‘ஹாஜி’ என்றும் அக்கல்லில் இருக்கின்றது. பாட்டனாரின் பெயரும் ‘ஹாஜி’ என்றே பொறிக்கப்பட்டுள்ளது.