அப்பாவின் பீட்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போகலாம்.

நம் குடுமியான்மலைக்கு ரயில் கிடையாது. இசைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் புதுக்கோட்டையில் இறங்கி பஸ் பிடித்துத்தான் வரவேண்டும். ஆனாலும் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது ரயிலால்தான். அப்பா கீரனூர் பக்கம் கேங்மேன். திருச்சி - புதுக்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1929-இல் வந்தது. அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை இறுக்குவது அவர் வேலை. பிறகு கீமேன் ஆனார். தினமும் பாதை நெடுக நடந்து, அதிர்வில் தளர்ந்த ஆப்புகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கவேண்டும். பையில் சிவப்புக் கொடியும், ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைக்கும் வெடியும் இருக்கும். அந்தப் பையை எங்களைத் தொடவிடமாட்டார்.

அவர் கையில் பல வருஷம் இருந்த கருவி பீட்டர். பார்க்க மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கிய தட்டை. அந்தத் தட்டை முனையால்தான் சிலீப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியைத் தள்ளி அடிப்பார்கள். இரண்டு பேர் முதுகோடு முதுகு நின்று, எதிரெதிர் மூலையிலிருந்து ஒரே நேரத்தில் அடிக்கவேண்டும். ஒருவர் முந்தினால் ஜல்லி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும். அதற்காகத்தான் பாட்டு. பாட்டு களைப்புக்காக என்று பலர் நினைக்கிறார்கள், அது தாளத்துக்காக.

பாதை அகலமானது 2000-களில். அப்பா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். பழைய இரும்பு ஏலம் எடுத்த வியாபாரியிடம் போய், எடைக்குக் காசு கொடுத்து ஒரு பீட்டர் தலையை வாங்கி வந்தார். அம்மா திட்டிய திட்டு இருக்கிறதே!

என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவர்களுக்கு அந்த இரும்பு நினைவிருக்கும். அழுத்தம் என்றால் விசை வகுத்தல் பரப்பு என்று போர்டில் எழுதிவிட்டு அதை மேஜைமேல் டமார் என்று வைப்பேன். ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சின்னக் காசு அளவுதான். அந்தப் பாரம் தண்டவாளத்திலிருந்து கட்டைக்கு, கட்டையிலிருந்து ஜல்லிக்கு, ஜல்லியிலிருந்து மண்ணுக்கு என்று பரவிப் பரவி இறங்குகிறது. ஜல்லி தளர்ந்தால் பாதை அந்த இடத்தில் பள்ளம் வாங்கும்.

அப்படிப் படித்த ஒரு மாணவர் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறார். சனி, ஞாயிறில் வேல்ஸ் போய் டாலிலின் ரயிலில் தன்னார்வத் தொண்டு செய்கிறாராம். கற்பலகை ஏற்றுவதற்காகப் போட்ட குறுகிய பாதை அது. மூடிவிடும் நிலைமையில் இருந்தபோது, 1951-இல் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்த ஆரம்பித்தார்கள். தன்னார்வலர்கள் காப்பாற்றிய ரயில்களில் உலகத்திலேயே அதுதான் முதல். "சார், டாக்டர் ஒருத்தர், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருத்தர், நான், மூணு பேரும் நேத்து பூரா ஜல்லி தள்ளினோம். கை கொப்புளிச்சுப் போச்சு" என்று போனில் சிரித்தார்.

எனக்கு முதலில் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அப்பா ஐந்து வயிற்றுக்காகச் செய்த வேலையை அங்கே சந்தா கட்டிச் செய்கிறார்கள். பிறகு அவர் உள்ளங்கையைக் கேமராவில் காட்டினார். கொப்புளம் அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே. அதற்குமேல் எனக்குக் குறைசொல்ல மனம் வரவில்லை.

பிரிட்டனில் பெரிய ரயில்வே கழித்துப்போட்ட டேம்பிங் இயந்திரங்களைப் பாரம்பரிய ரயில்காரர்கள் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பாதையிலும் மஞ்சள் நிறத்தில் போகுமே, அந்த ஜாதிதான். பிளாசர் கம்பெனி இயந்திரம் தண்டவாளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரும்பு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி, நொடிக்கு 35 தடவை அதிரவைத்தபடி இரண்டு பக்கமும் நெருக்கும். முதுகோடு முதுகு நின்ற இரண்டு பேரின் அதே வேலைதான், பாட்டு மட்டும் இல்லை. ஆனால் பழைய இயந்திரத்துக்கு எண்ணெய்க் குழாய் வெடித்தால் உதிரிபாகம் தேடியே மாதம் ஓடிவிடும். அதுவரை மறுபடி கடப்பாரைதான்.

நம் நீலகிரி மலை ரயிலில் (மேட்டுப்பாளையம் - குன்னூர் 1899-இல் திறந்தது, யுனெஸ்கோ பட்டியலில் 2005-இல் சேர்ந்தது) தன்னார்வலர்கள் இல்லை, ரயில்வே ஊழியர்களே பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் நின்றால் நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்த மண்ணை அள்ளுகிறவர்களைப் படம் எடுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் இன்ஜின் முன்னால் நின்று செல்ஃபி. அருங்காட்சியகம் போனாலும் இன்ஜினுக்குத்தான் பெயிண்ட், கயிற்று வேலி எல்லாம்.

அந்த மாணவர் பீட்டரின் அளவு கேட்டார், கொடுத்தேன். பிடி கறையான் அரித்துவிட்டது. பட்டறையில் கருவேலங்கட்டையில் புதுப்பிடி போடச் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் இல்லாதது அந்தப் பாட்டு. அப்பா வீட்டில் ஒருநாளும் பாடியதில்லை. கீரனூர், வெள்ளனூர், புதுக்கோட்டை கேங்குகளில் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே உட்காரவைத்து, பாடச் சொல்லி, போனில் பதிவுசெய்து எனக்கு அனுப்புங்கள். பல் இல்லை, குரல் போய்விட்டது என்பார்கள். பரவாயில்லை. தாளத்தைக் கையால் தட்டிக் காட்டினால்கூடப் போதும்.