மாடு கத்தும், பாத்திரம் கத்தாது

எங்க வீட்டுச் சுவர்ல எங்க பார்த்தாலும் ஆணிதான். அருவா, டார்ச் லைட், மோட்டார் ரூம் சாவி, என் கண்ணாடி, மாட்டுக்கு ஊசி போட்ட சீட்டு, எல்லாம் ஆணியில தொங்கும். சமையல்கட்டு அலமாரிக்குக் கதவு கிடையாது. இருந்த கதவையும் கழட்டி மாட்டுக்கொட்டாய்ல தடுப்பா வெச்சுட்டோம். தோட்டம் பார்க்க வந்த சென்னைத் தம்பி ஒருத்தர் "இது டிசைனுங்களா ஆன்ட்டி?"ன்னு கேட்டார். டிசைன்தானுங்க. ஏன் அப்படின்னு இன்னைக்கு எழுதறேன்.

எனக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்கு. வயசு 53. பத்தாவது வரைக்கும் படிப்பு. கோபி பக்கத்துல மூணு ஏக்கரா, மஞ்சளும் கொஞ்சம் வாழையும், ரெண்டு கறவை மாடு. இந்த நாலு எழுத்து பட்டணத்துக் குழந்தைகளுக்கு வர்ற சமாச்சாரம்னுதான் எங்க ஊர்ல நினைப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

பேரன்கிட்ட இருந்துதான் ஆரம்பிச்சுது. அவன் கோயமுத்தூர்ல மூணாவது படிக்கறான். உட்கார மாட்டேங்கறான், பாதி எழுதிட்டு எந்திரிச்சுப் போயிடறான்னு டீச்சர் சொல்லிட்டே இருக்க, மக ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா எல்லாம் கேட்டுட்டு, "உங்க குடும்பத்துல வேற யாராச்சும் இப்படி இருக்காங்களா?"ன்னாங்க. கேட்டு முடிக்கறதுக்குள்ள மக திரும்பி என்னைப் பார்த்தா. மாப்பிள்ளையும் பார்த்தார். நான் அப்ப மேசை மேல இருந்த மூளை பொம்மையைக் கழட்டி மாட்டிட்டு இருந்தேன். டாக்டரம்மாவும் பார்த்தாங்க.

பெத்தவங்க உயரம் பிள்ளைக்கு எப்படி வருதோ, கிட்டத்தட்ட அந்த மாதிரி இதுவும் பரம்பரையா ஓடுமாம். அப்புறம் எனக்குன்னு தனியா பெரியவங்களைப் பார்க்கற மனநல டாக்டர்கிட்ட போனோம். ஒரே கேள்வியில முடிவு சொல்லிடலைங்க. தைராய்டு, ரத்தச்சோகை பார்த்தாங்க. தூக்கம் எப்படின்னு கேட்டாங்க. மாதவிலக்கு நின்னு எத்தனை நாளாச்சுன்னு கேட்டாங்க. இதுலயும் புத்தி சிதறுமாம். கவனச் சிதறலுக்கு ஒன்பது குறி, துறுதுறுப்புக்கு ஒன்பது குறி வெச்சிருக்காங்க. ஏதோ ஒரு பட்டியல்ல குழந்தைக்கு ஆறு இருக்கணும், பெரியவங்களுக்கு அஞ்சு இருந்தாப் போதும். அதுவும் 12 வயசுக்கு முன்னாலயே கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். 2013-ல வந்த அமெரிக்கக் கையேட்டு விதியாம் இது. அதுக்கு முந்தி 7 வயசுன்னு இருந்துச்சாம்.

என் சின்ன வயசுக்குச் சாட்சி வேணும்ல? டாக்டர் எங்க அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. "ஆடு மேய்க்க அனுப்புனா சாயங்காலம் ஆடு வந்துருமுங்க, இவ வர மாட்டாளுங்க." டாக்டர் சிரிச்சுட்டே எழுதிக்கிட்டார்.

பொட்டப்புள்ளைங்களுக்குத் துறுதுறுப்பு வெளியே அவ்வளவா தெரியாது, மோட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க, அதனால கண்டுபிடிக்காமயே விட்டுருவாங்கன்னு சொன்னார். விட்டாங்கன்னு எப்படிங்க சொல்றது, பேர் வெக்காம விடலையே. கூறு கெட்டவ, பொறுப்பில்லாதவ, விட்டேத்தி. "இவ வீடு கூட்டுனா வீடே காணாமப் போயிரும்"பாங்க எங்க மாமியா. ஆம்பளைக்கு இருந்தா மறதிக்காரன்னு ஒரு பேரோட போச்சு. பொம்பளைக்கு வீடுதானுங்களே நன்னடத்தைச் சான்றிதழ்!

நேத்துக் காலையில நடந்ததைச் சொல்றேன். பாத்திரம் கழுவலாம்னு போனேன். தொட்டி பக்கத்துல கறிவேப்பிலைச் செடி வாடியிருந்துச்சு. தண்ணி ஊத்தலாம்னு ஓஸைத் திறந்தா வரலை. எங்கன்னு பார்த்துட்டே போனா சொட்டுநீர்க் குழாய் ஒண்ணு எலி கடிச்சு ஒழுகிட்டிருக்கு. அதுக்கு இணைப்பு எடுக்க மோட்டார் ரூமுக்குப் போனேன். அங்க கோழி முட்டை வெச்சிருந்துச்சு. முட்டையை வெக்கக் கூடை தேடுனேன், கூடைக்குள்ள போன வருசத்து அவரை விதை. விதையைக் காய வெச்சேன். மணி பதினொண்ணு. செஞ்சது பூராவும் உருப்படியான வேலைதான், பாத்திரம் மட்டும் அப்படியே கிடந்துச்சு. சோம்பேறின்னு சொல்றவங்க என்கூட ஒரு காலை நேரம் நடந்து பார்க்கணும்.

ஆனா தோட்டத்து வேலையில யாரும் என்னைக் குறை சொன்னதில்லைங்க. இதை ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். பால் பீச்ச நேரமாச்சுன்னா மாடு கத்தும், சொசைட்டி வண்டி வந்து ஆரன் அடிக்கும். வாய்க்கால்ல நம்ம முறைத்தண்ணி வந்தா பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்புல நின்னு சத்தம் போடுவார். களை எடுத்தா பாத்தி முடியறது கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் வேக வெக்கற நாள்ல பசி தெரியாம பதினாலு மணி நேரம் நின்னிருக்கேன். பிடிச்சுதுன்னா ஒரேடியா மூழ்கிப் போறதும் இதுல ஒரு பகுதிதானாம். வீடு அப்படி இல்லை. கழுவாத பாத்திரம் கத்தாது. மடிக்காத துணி வந்து முட்டாது. வீட்டுக்கு வரப்பும் கிடையாது, இந்த இடத்தோட முடிஞ்சுதுன்னு நிமிர்ந்து நிக்க முடியாது.

நகரத்துல இருந்து வர்றவங்க சில பேர் ஒண்ணு சொல்வாங்க: "எல்லாம் இந்தச் செல்போனாலதாங்க. உங்கள மாதிரி கிராமத்துல இருந்தா மனசு ஒருநிலைப்படும்." நான் 53 வருசமா கிராமத்துலதானுங்க இருக்கேன். கைக்குச் செல்போன் வந்தது நாப்பது வயசுக்கு மேல. அதுக்கு முன்னால நான் தொலைச்ச சிலேட்டுக்குக் கணக்கில்லை. 1902-லயே லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்ங்கற குழந்தை மருத்துவர் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பத்திச் சொற்பொழிவு செஞ்சு, அது லான்செட் பத்திரிகையில வந்திருக்கு. அப்ப ஏதுங்க செல்போன்?

காலையில ஒரு மாத்திரை சாப்பிடறேன். குடுக்கறதுக்கு முன்னால பி.பி.யும் நாடியும் பார்த்தாங்க, இப்பவும் போறப்பல்லாம் பார்க்கறாங்க. மழைக்குக் கிணத்துல தவளை எல்லாம் ஒண்ணா கத்திட்டிருந்தது, இப்ப ஒண்ணு ஒண்ணா கத்தற மாதிரி இருக்கு. எல்லாருக்கும் ஒரே மாத்திரை ஒத்துக்காது, அதை டாக்டர்தான் சொல்லணும். மாத்திரை பாத்திரமும் கழுவாது. அதுக்கு நாமதான் வழி பண்ணிக்கணும்.

என் வழியில முக்கியமானது, எதையும் மூடி வெக்காதது. யூடியூப்ல ஒரே அளவு டப்பா வாங்கி அடுக்கிக் காட்டறாங்களே, பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. எனக்கு டப்பாவுக்குள்ள போனது பூமிக்குள்ள போன மாதிரி. அதான் கதவைக் கழட்டுனது, அதான் ஆணி. ஒவ்வொரு ஆணிக்குப் பின்னாலயும் அந்தப் பொருளோட உருவத்தைக் காவியில வரைஞ்சு வெச்சிருக்கேன். அருவா இல்லைன்னா வெறும் படம் தெரியும், எங்கயோ விட்டுட்டு வந்திருக்கேன்னு அர்த்தம்.

காகிதத்துக்கு மளிகைக்கடையில பில் குத்தி வெப்பாங்களே, அந்தக் கம்பி. கரண்ட் சமாச்சாரம், சிட்டா நகல், சங்கத்து ரசீது, உரக்கடை பில், எது வந்தாலும் அதுல குத்திடறது. வகை பிரிக்கறதே இல்லை. தேதி வரிசையில தானா இருக்கும், அடியில பழசு, மேல புதுசு. நாலு ஃபைல் வாங்கிக் குடுத்த மகனே இப்ப அந்தக் கம்பியிலதான் தேடறான். துவைச்ச துணிக்கு ஒரு கூடை, ஒருதரம் உடுத்தி இன்னொருதரம் உடுத்தறதுக்கு ஒரு கூடை. மடிக்கறதை விட்டாச்சு. சேலை மட்டும் கயித்துல.

ஆனா எல்லாத்தையும் விட உதவுறது ஆள் துணைங்க. பக்கத்துத் தோட்டத்து அக்கா புளி தட்டவோ வெங்காயம் காம்பு அறுக்கவோ எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருவாங்க. அவங்க பாட்டுக்கு அவங்க வேலை, நான் பாட்டுக்கு வீடு ஒதுக்குவேன். ஒரு துரும்பையும் அவங்க எடுத்துப் போட மாட்டாங்க. இருந்தாலும் வேலை ஓடும். இதுக்கு பாடி டபுளிங்னு பேராம், மக சொன்னா. கூட ரெண்டு பேர் இருந்தா களை எடுக்கற வேலை தெரியாமப் போகும்னு எங்க ஊர்ல யாருக்குத்தான் தெரியாது, வீட்டுக்குள்ள அதைச் செய்யலாம்னுதான் யாருக்கும் தோணலை.

இதெல்லாம் இல்லாத காலத்துல, மகளைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, நாத்தனாருங்க ரெண்டு பேர் முன்கூட்டியே வந்து எல்லாத்தையும் உரச்சாக்குல போட்டு அட்டாலியில ஏத்திட்டாங்க. வீடு பளபளன்னு இருந்துச்சு. வந்தவங்களுக்கும் திருப்தி. அப்புறம் சொசைட்டிப் புஸ்தகத்தைத் தேடி, விதையைத் தேடி, அம்மா குடுத்த பித்தளைத் தூக்கைத் தேடி அந்த வருசமே போச்சு. ரெண்டு சாக்கு இன்னும் மேலதான் கிடக்கு.

இப்பப் பையனுக்குப் பார்த்துட்டிருக்கோம். விவசாயம் பண்றவனுக்குப் பொண்ணு கிடைக்கறது எவ்வளவு பாடுன்னு சொல்ல வேண்டியதில்லை. இதுல மாமியாருக்கு மூளையில என்னமோன்னு ஒரு பேச்சுக் கிளம்புனா? "தாலி ஏறுற வரைக்கும் வாயைத் திறக்காதே"ங்கறார் எங்க வீட்டுக்காரர். அவரு பயம் நியாயமான பயம்தான். ஊர் அப்படித்தான் பேசும். பையன் சொல்லணும்ங்கறான். மூணு நாள் வீட்டுல இதே பேச்சு.

நான் பேரனை நினைச்சுப் பார்த்தேன். வர்ற பொண்ணுக்கு ஒரு குழந்தை பிறந்து, அது எட்டு வயசுல வகுப்புல எந்திரிச்சு நடந்து, டாக்டர் அதே கேள்வியைக் கேட்டா, அந்தப் பொண்ணு யாரைத் திரும்பிப் பார்க்கும்? தெரிஞ்சு வந்திருந்தா என்னைப் பார்த்துச் சிரிக்கும். தெரியாம வந்திருந்தா புருசனைப் பார்க்கும். அந்தப் பார்வை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், கல்யாணமான நாள்ல இருந்து நான் வாங்கினதுதான்.

முந்தாநாள் தரகருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அதெல்லாம் எதுக்குங்க்கா இப்ப"ன்னார். "சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க, கேட்டுட்டு வர்றவங்க வரட்டும்"னேன். அவங்க என்ன சொன்னாங்கன்னு இதுவரைக்கும் தகவல் இல்லை. வர்றதுன்னா ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுக்காரர் கோபத்துல ரெண்டு நாளாப் பேசலை, ஆனா இன்னைக்குக் காலையில ஏணியை எடுத்து அட்டாலிக்குக் கீழ சாத்திட்டுப் போயிருக்கார். மத்தியானம் புளி எடுத்துட்டு வர்றதா அக்கா சொல்லியிருக்காங்க. அந்த ரெண்டு சாக்கையும் இறக்கணும்.