இரு யந்திரங்களின் உடன்படிக்கை

திங்கட்கிழமை

நிலவுரிமை மாற்றத்துக்கான ஒப்பந்த நகலை வங்கிக்கு அனுப்புவதிலேயே இன்று முற்பகல் கழிந்தது. மாவட்ட நில அலுவலகமும் நீதிமன்றமும் எங்கள் ஊரான புக்கிட் மெர்தாஜாமிலேயே இருப்பதால் இங்குள்ள சிறிய வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. மின்னஞ்சல் வந்து இவ்வளவு காலமான பிறகும், கையொப்பமிட்ட தாளின் நகலைத் தொலைநகலிலேயே கேட்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். செம்புக் கம்பியில் வந்துகொண்டிருந்த எங்கள் தொலைபேசி கண்ணாடி இழைக்கு மாற்றப்பட்டதிலிருந்து, ஒரு பக்கக் கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன. பல பக்கங்கள் கொண்ட ஒப்பந்தமோ நடுவழியில் அறுந்துபோக, யந்திரம் 'தொடர்புப் பிழை' என்ற சீட்டை மட்டும் வெளியே தள்ளுகிறது. குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்பதால் இணைப்பில் குறையே இல்லை என்று எல்லாரும் சாதிக்கிறார்கள். குரலுக்குப் போதுமானது தொலைநகலுக்கும் போதுமா என்பதே இப்போது என் சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை

ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு வகுத்த டி.30 என்னும் விதிமுறையைப் பற்றி மாலையில் நிதானமாகப் படித்தேன். முன்பின் அறியாத இருவர் காரியம் பேசத் தொடங்குமுன் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் மரியாதை அதில் அப்படியே இருக்கிறது. அழைக்கும் யந்திரம் அரை விநாடி நேரம் 1100 ஹெர்ட்ஸ் ஓசையை எழுப்பி, மூன்று விநாடி மௌனமாயிருந்து, மறுபடியும் எழுப்புகிறது. அழைக்கப்பட்டது 2100 ஹெர்ட்ஸில் விடை கூறுகிறது. அதன்பின், விநாடிக்கு 300 பிட் என்ற மிக மெதுவான நடையில், தன்னால் எந்தெந்த வேகங்களில் வாங்க இயலும், எவ்வளவு அகலமுள்ள தாளை ஏற்க இயலும், பிழை திருத்தும் வசதி தனக்கு உண்டா என்ற தகுதிகளையெல்லாம் அது தெரிவிக்க, அழைத்த யந்திரம் அவற்றுள் தனக்கும் இயன்றதைத் தேர்ந்தெடுத்து அறிவித்துவிட்டு, ஒன்றரை விநாடி வெறும் பூச்சியங்களை அனுப்பிப் பாதையைச் சோதிக்கிறது. சோதனை தேறாவிட்டால் 14,400 என்ற வேகம் 9,600 ஆகவும், அதுவும் தாங்காவிட்டால் 4,800, 2,400 என்றும் படிப்படியாக இறங்கும்.

எங்கள் சிரமத்தின் மூலகாரணம் இந்த இடத்தில்தான் எனக்குப் புலப்பட்டது. சோதனை நடப்பது ஆரம்பத்திலே. தீங்கு நேர்வதோ நடுவிலே. இணையவழித் தொலைபேசியில் ஒலியானது பெரும்பாலும் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. அவற்றில் ஒன்று தொலைந்தால் மனிதச் செவி அதைக் கவனிப்பதே இல்லை. 14,400 வேகத்தில் செல்லும் தொலைநகலுக்கோ 288 பிட்கள் ஒரே நொடிப்பில் மறைந்துவிடுகின்றன. இரு முனைகளின் கடிகாரங்களுக்கிடையே உள்ள நுண்ணிய வித்தியாசமும், அழைப்பு நீள நீளச் சேர்ந்துகொண்டே போய்த் தொல்லை தருமாம். சிறிய கடிதம் தப்பிப் பிழைக்க, நீண்ட ஒப்பந்தம் அகப்பட்டுக்கொள்வது இதனால்தான்.

புதன்கிழமை

யந்திரம் பழுதுபார்க்கும் இளைஞர் வந்திருந்தார். "ஐயா, இ.சி.எம்.மை ஆஃப் பண்ணிட்டு, ஸ்பீடை 9600-க்கு இறக்கிடுங்க. எல்லாப் பக்கமும் போயிடும்" என்றார். அநேக அலுவலகங்களில் இவ்விதமே செய்கிறார்கள் என்பதும், அவர் கூறியபடி பக்கங்கள் போய்விடும் என்பதும் உண்மையே. ஆனால் எப்படிப் போகும் என்பதல்லவா கேள்வி! இ.சி.எம். என்னும் பிழை திருத்தும் முறை, பக்கத்தைச் சிறு சட்டங்களாகப் பிரித்து, சிதைந்து சேர்ந்தவற்றை மட்டும் மறுபடி கேட்டு வாங்குகிறது. நான்கு முறை கேட்டும் தேறாதபோதுதான் அனுப்பும் யந்திரம் வேகத்தைக் குறைக்கிறது, அல்லது அழைப்பை முடித்துக்கொள்கிறது. அதை நிறுத்திவிட்டால், தொலைந்த வரிகள் தொலைந்தவைதாம். யந்திரம் 'அனுப்பப்பட்டது' என்று சீட்டும் கொடுத்துவிடும். நலம் விசாரிக்கும் கடிதத்துக்கு இது பாதகமில்லை. நிலப்பட்டாவின் இலக்கம் ஒன்றில் 8 என்பது 3 ஆகத் தெரியும்படி ஒரு கோடு அழிந்தால், அதன் விளைவை ஏழைக் குடும்பமொன்று வருஷக்கணக்கில் அனுபவிக்க நேரும். அறுந்துபோன அழைப்பைக் கண்டால் மறுபடி அனுப்புவோம். பழுதான தாள் ஒழுங்காகப் போனதாகப் பொய் சொன்னால் யார் திருத்துவது? ஆகவே வேகத்தைக் குறைப்பதற்குச் சம்மதித்தேன். பிழை திருத்தத்தை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. தம்பியும் யோசித்துப் பார்த்து, "பட்டா விஷயம்னா நீங்க சொல்றதுதான் சரி" என்றார்.

வியாழக்கிழமை

9600 வைத்ததில் ஒப்பந்தம் இருமுறை முழுதாய்ப் போயிற்று. மூன்றாம் முறை அறுந்தது. அப்போது இன்னொருவர் அழைத்திருந்தார் என்று பின்னர் தெரிந்தது. காத்திருக்கும் அழைப்பை உணர்த்தும் ஓசை, தொலைநகலின் நடுவே புகுந்து அதைக் கெடுத்துவிடும். அந்த வசதியை நீக்கச் சொல்லித் தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறையில் யந்திர ஓசைகள் உருக்குலைந்துவிடுமாதலால், சுருக்காத ஜி.711 முறையோ, தொலைநகலுக்கென்றே 1998-இல் ஏற்பட்ட டி.38 முறையோ எங்கள் இணைப்பில் இருக்கவேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை

தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவர், தஞ்சாவூரில் உள்ள வழக்கறிஞருக்கு அனுப்பவேண்டிய வாரிசு விவரங்களைத் தம் கையாலேயே தமிழில் எழுதிக் கொண்டுவந்தார். தந்தியில் தமிழை ரோமன் எழுத்தில் எழுதி அனுப்பிய காலத்தை அறிந்த எனக்கு, ஒருவரது கையெழுத்து அதே உருவில் கடல் கடந்து செல்வது இன்றும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் சாதாரணத் தெளிவில் மில்லிமீட்டருக்கு நான்கு வரிகூட இல்லை (3.85 என்பது கணக்கு), மெல்லிய பேனாவில் இட்ட மெய்யெழுத்தின் புள்ளி அதில் சுலபமாக மறைந்துவிடும். இரு மடங்கு வரிகள் கொண்ட நுண்தெளிவில் வைத்து, வெளிநாட்டு அழைப்புக்குரிய அமைப்பையும் போட்டேன். தன் ஓசையின் எதிரொலியையே பதில் என்று யந்திரம் எண்ணிக் குழம்பாமலிருக்க அது உதவுகிறது. நேரம் அதிகமாயிற்று. அம்மாள் நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு தாளும் உள்ளே போவதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை

எனக்குப் பின் இந்த மேஜைக்கு வரும் கிராணிக்காக அமைப்புகளை எழுதி யந்திரத்தின் பக்கத்தில் ஒட்டினேன்: வேகம் 9600, பிழை திருத்தம் இயங்க வேண்டும், தமிழ், சீனக் கையெழுத்துகளுக்கு நுண்தெளிவு, வெளிநாட்டு அமைப்பு அந்த அழைப்புக்கு மட்டும், இலக்கங்கள் உள்ள பத்திரமானால், அனுப்பிய பின் எதிர்முனைக்குத் தொலைபேசியில் பேசி, இலக்கங்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கவும்.