லோடு ஏற்றியவர் யார்?

19 ஜூலை 2018

லாரி அச்சு எடை பற்றிய மத்திய அரசின் 16ஆம் தேதி அறிவிக்கையைப் படித்தாயிற்று. நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு இதுவரை 10.2 டன், இனி 11.5. முன் அச்சுக்கு 6 டன் இருந்தது 7 ஆகிறது. ஆக, ஆறு சக்கர லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகிறது. காலி வண்டி 6 டன் என்று வைத்துக்கொண்டால், சரக்கு 10.2 டன்னிலிருந்து 12.5 டன். மோட்டார் வாகன ஆய்வாளர்களான நாம் நேற்றுவரை ஓவர்லோடு என்று வழக்கு எழுதிய எடை இனி சட்டப்படி சரியான எடை. வரம்பை வைத்தே வேலை பார்க்கிற துறையில் வரம்பே நகர்ந்தால், எதைக் காத்துவந்தோம் என்று முதலிலிருந்து கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்த நோட்டு.

20 ஜூலை

நாடு முழுக்க லாரி ஸ்டிரைக். டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம். வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதைத்தான் மூன்றும் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன.

22 ஜூலை

அறிவிக்கையை ஆதரிப்பவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. எப்படியும் ஏற்றத்தான் போகிறார்கள், அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் சாலையில் பேரம் குறையும், சரக்குச் செலவு இறங்கும், மற்ற நாடுகளிலும் வரம்பு இந்த அளவுக்கு இருக்கிறது என்கிறார்கள். வரம்பு குறைவாக இருந்ததால்தான் ஓவர்லோடு நடந்தது என்றால் இது சரி. ஆனால் லோடுக்கான வாடகை பெரும்பாலும் டன் கணக்கில் பேசப்படுகிறது. டீசல், சுங்கம், டிரைவர் பேட்டா, பைனான்ஸ் டியூ எல்லாம் நடைக்கணக்கில், மாதக்கணக்கில் போகின்றன. வரவு எடையோடு ஏறுகிறது, செலவு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. லாபம் என்று ஒன்று இருந்தால் அது கடைசி இரண்டு மூன்று டன்னில் இருக்கிறது. இப்போது ஒரு புது லாரிகூட இறங்காமல் லாரிகளின் மொத்தக் கொள்ளளவு கூடுகிறது, சரக்கு மட்டும் அதே அளவு. லோடுக்கு அலைகிறவர்கள் வாடகையைக் குறைத்துத்தான் பேசுவார்கள். கொஞ்ச நாளில் 12.5 டன்னுக்குக் கிடைப்பது பழைய 10.2 டன்னுக்குக் கிடைத்ததாகவே இருக்கும். லாபத்துக்கு மறுபடியும் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு வண்டி வைத்து ஓட்டுகிறவர்களே மிகுதியாக உள்ள தொழிலில் குறைந்த வாடகையை மறுத்துப் பேசும் பலம் யாருக்கு இருக்கிறது?

25 ஜூலை

சாலையின் கணக்கு தனி. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே சோதனைச் சாலை போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட தோராய விதி: சாலைத் தேய்மானம் அச்சு எடையின் நான்காம் அடுக்கில் ஏறும். 10.2 டன்னுக்குப் பதில் 11.5 என்றால் எடை எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது. தேய்மானம் ஏறக்குறைய 1.6 மடங்கு. ஒரு நடையில் அதிகம் போனால் நடைகள் குறையுமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி, போட்டுப் பார்த்தேன். அதே சரக்குக்கு 100 நடை 82 ஆகக் குறையும். 82ஐ 1.6ஆல் பெருக்கினால் 131. பின் அச்சை மட்டும் பார்த்த கணக்குத்தான் இது. ஆனால் திசை தெளிவாகவே இருக்கிறது. லாரிக்காரர் மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் பணத்தைச் சாலைப் பராமரிப்பு கொடுக்கிறது. அதுவும் அவர் கையில் தங்காமல் சரக்கு அனுப்புகிறவரிடம் போய்ச் சேருகிறது.

28 ஜூலை

நேற்று ஸ்டிரைக் முடிந்தது. வாடகை பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

11 ஆகஸ்டு

பழைய வண்டிகளுக்குப் புதிய வரம்பு பொருந்துமா? பதிவுச் சான்றான ஆர்.சி.யில் 16.2 டன் என்றே இருக்கிறது. சேசிஸும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் அதற்கென வடிவமைத்தவை. ஆர்.சி.யில் எண்ணைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும்போது பிரேக்கிடம் எந்த அறிவிக்கையைக் காட்டுவது? ஊர் நம்மை பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுகிறது.

16 செப்டம்பர்

கிரஷரிலும் மணலிலும் வியாபாரம் யூனிட்டில் நடக்கிறது. ஒரு யூனிட் 100 கன அடி; ஈரத்தைப் பொறுத்து மணல் நாலு, நாலரை டன் வரும். பழைய வரம்பில் ஆறு சக்கர லாரிக்கு இரண்டு யூனிட்டும் கொஞ்சமும்தான். மூன்று யூனிட் ஏற்றினால் புதிய வரம்பையும் தொட்டுவிடும், ஈரமாக இருந்தால் தாண்டிவிடும். விற்பவர் கன அடியில் விற்கிறார், சட்டம் டன்னில் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் டிரைவர் ஒருவர்தான். எவ்வளவு ஏற்றுவது என்பது லோடு ஏற்றும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. நாம் அதைப் பல கிலோமீட்டர் தள்ளிச் சாலையில் தேடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவு ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என்றும் சொல்கிறது. ஆனால் 113ஆம் பிரிவின்படி, வண்டியை ஓட்டியவர் உரிமையாளராக இல்லாவிட்டால், உரிமையாளருக்குத் தெரிந்தே குற்றம் நடந்தது என நீதிமன்றம் அனுமானிக்கலாம். சரக்கு அனுப்பியவரைப் பற்றி அப்படியோர் அனுமானம் இல்லை. வண்டி எண்ணைத் தட்டினால் ‘வாகன்’ தளம் உரிமையாளரைக் காட்டும், உரிம எண்ணைத் தட்டினால் ‘சாரதி’ தளம் டிரைவரைக் காட்டும். அனுப்பியவரைக் காட்ட நம்மிடம் பதிவேடே இல்லை. பெயர் பதிந்துகொண்டவர்களைத்தான் பிடிக்கிறோம்.

17 செப்டம்பர்

நேற்று எழுதியதற்கு மறுப்பு உண்டு. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் புக்கிங் ஆபீஸ்களைப் பதிவு செய்யச் சொல்கிறதே? சொல்கிறது. அது பொதுச் சரக்கு ஏற்றுநர்களுக்கு. யூனிட் கணக்கில் வண்டி நிரப்பும் கிரஷர் அதற்குள் வராது. அனுப்பியவருக்கு வண்டியின் வரம்பு எப்படித் தெரியும் என்பது அடுத்த மறுப்பு. வீட்டுச் சாமான் ஏற்றுகிறவருக்குத் தெரியாதுதான். ஆனால் வாசலிலேயே எடை மேடை வைத்திருக்கும் ஆலைக்கும் குவாரிக்கும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

5 நவம்பர்

2005இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மொத்தமாகப் பணம் கட்டிக்கொண்டு ஓவர்லோடுக்கு அட்டை கொடுத்த மாநிலங்களின் வழக்கம் செல்லாது என்றது. அந்த அட்டைகளும் வண்டிக்காரர்களுக்குத்தான் விற்கப்பட்டன.

1 செப்டம்பர் 2019

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இன்று அமலுக்கு வருகிறது. ஓவர்லோடு அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 20,000. கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 1,000 இருந்தது 2,000. பயம் வரும் என்கிறார்கள். வரலாம், மறுக்கவில்லை. ஆனால் அபராதம் ஏறும்போது சாலையில் பேசப்படும் பேரமும் ஏறும். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு 20,000 என்பது ஒரு மாத டியூ கைவிட்டுப் போவது. ஏற்றி அனுப்பியவருக்கு ஒரு செலவும் இல்லை, அடுத்த நாள் வேறு வண்டி கிடைக்கும். அவரைப் பிடிக்க ஆதாரம் இல்லாமல் இல்லை. குவாரியின் நடைச்சீட்டில் வண்டி எண், சரக்கின் அளவு, புறப்பட்ட இடம் எல்லாம் இருக்கின்றன. சரக்கு மற்றும் சேவை வரியின் இ-வே பில்லில் அனுப்பியவர் பெயரே இருக்கிறது. ஒன்று கனிமவளத் துறையிடம், மற்றது வரித் துறையிடம்.

4 செப்டம்பர்

நடைச்சீட்டை வைத்து, ‘அனுமதித்தவர்’ என்று குவாரிக்காரர் மேல் 194இல் வழக்குப் போடலாமா என்று மேலிடத்துக்கு எழுத உத்தேசம். சீட்டில் இருப்பது கன அளவு. அதை டன்னாக்கினால் மணலில் எவ்வளவு ஈரம் என்று வக்கீல் கேட்பார். அதற்கு இன்னும் பதில் இல்லை.