காபி குடிக்காத எல்டரும் கொல்லிமலைத் துரையும்

சென்ற மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தபோது ஒரு மாலை அழைப்பு மணி அடித்தது. திறந்தால் இரண்டு பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு பேண்ட், சட்டைப் பையின் மேல் கறுப்பு பேட்ஜ். அதில் 'எல்டர்' என்று போட்டு குடும்பப் பெயர். எல்டர் என்றால் மூத்தவர். இருவருக்கும் 20 வயதைத் தாண்டியிருக்காது. எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சிரிப்பு வந்துவிட்டது.

மார்மன் சபைக்காரர்களாம். ஒருவன் ஆந்திராப் பையன், மற்றவன் டெல்லி. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மனைவி வழக்கம்போல் காபி கலந்து கொண்டுவந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "மன்னிக்கணும் அங்கிள், எங்களுக்குக் காபி, டீ இரண்டும் கூடாது" என்றார்கள். சேலத்திலிருந்து போனவளுக்கு இது பெரிய அதிர்ச்சி. காபி குடிக்காத சாமியாரா என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு மோர் எடுத்துவந்தாள். மோருக்குத் தடையில்லையாம்.

மதத்தைப் பற்றி நான் அதிகம் கேட்கவில்லை. அவர்கள் நாளைப் பற்றித்தான் கேட்டேன். ஆறரைக்கு எழ வேண்டும். படிப்பு, ஜெபம், பிறகு தெரு. எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், சினிமா கிடையாது. வாரத்தில் ஒரு நாள் வீட்டோடு போனில் பேசலாம். இரண்டு வருடம் இப்படி, சம்பளம் இல்லை. கதவைத் தட்டினால் முக்கால்வாசிப் பேர் திறந்தவுடனே மூடிவிடுகிறார்கள் என்று டெல்லிப் பையன் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகம் வாடவில்லை, பழகிவிட்டது போலும்.

"உங்கள் ஊர்ப் பக்கம் மிஷன் உண்டா?" என்று ஆந்திராப் பையன் கேட்டான். அப்போது கொல்லிமலை ஞாபகம் வந்தது. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நாமக்கல் பக்கத்து நண்பர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதையாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1907ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் சேந்தமங்கலம் பக்கம் வந்து சேர்ந்தார். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் அனுப்பிய ஆள். வயது 22. கட்டட வேலை தெரிந்தவர். வெப்ப நாட்டு நோய்களைப் பற்றி லண்டனில் கொஞ்ச காலம் படித்திருந்தார், முழு டாக்டர் அல்ல. தமிழ் கற்றுக்கொண்டார். நான் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு சேலத்தில் வேலைக்கு வந்தவன். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று ஒரு வரி பிழையில்லாமல் எழுத ஆறு மாதம் ஆனது. தாய்மொழி வீட்டில் தமிழாகவே இருந்த எனக்கே அந்தப் பாடு என்றால், அந்தத் துரையின் பாட்டை நினைத்துப் பார்க்கலாம்.

கீழே நின்று பார்த்தால் கொல்லிமலை சுவர் மாதிரி நிற்கும். இன்றைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அன்றைக்குக் கால்நடைப் பாதை, முடியாதவர்களுக்கு டோலி. மேலே மலைக் காய்ச்சல். அதற்குப் பயந்து கீழ்நாட்டார் யாரும் அங்கே தங்கமாட்டார்கள். 1913ல் சேந்தமங்கலத்தில் எவ்லின் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கையோடு இருவரும் மலையேறினார்கள். வழியில் நல்ல மழை. புதுப்பெண் கல்யாண உடையோடு நனைந்தாளாம். வாழவந்தியில் மர வீடு. பலகைகளைக் கீழே அறுத்துத் தயார் செய்து, ஆள் தலையில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பூட்டியது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்தால் பிரசங்கத்தைவிட மற்ற வேலைதான் அதிகம். பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடம் வைத்தார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் அந்தக் காலத்தில் இருந்தது. நம் வயதுக்காரர்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். காலில் கொப்புளம் உடைந்து நூல் போல வெள்ளைப் புழு எட்டிப் பார்க்கும், முழு நீளம் மூன்றடிகூட இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளேயே சீழ் வைக்கும். ஒரு குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க வேண்டும். பிராண்ட் அதை உட்கார்ந்து பொறுமையாகச் செய்தார். அதோடு நிற்காமல் நோய் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். புண் உள்ள காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு அடுத்த வருடம் புழு. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, யாரும் காலை வைக்காமல் கயிற்றால் இறைத்தால் போதும். கட்டட வேலை தெரிந்தது அங்கே உதவியது. இந்தியாவில் இந்த நோய் முழுக்க ஒழிந்தது 1996ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் மதம் மாற யாரும் வரவில்லை. பல வருடம் ஒருவர்கூட இல்லை. மருந்து வாங்கிக்கொள்வார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார்கள், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள். எங்கள் பள்ளியில் அபே துபுவாவைப் பற்றிச் சொல்வார்கள். 1792ல் புதுச்சேரிக்கு வந்து, முப்பது வருடத்துக்கு மேல் நம் மக்களோடு இருந்துவிட்டு, இந்துக்களை மாற்ற முடியாது என்று முடிவுகட்டி 1823ல் பிரான்சுக்கே திரும்பிப் போனவர். பிராண்ட் திரும்பவில்லை. 1918ல் விஷக் காய்ச்சல் வந்தபோது அவரும் மனைவியும் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக ஊற்றினார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த மலைப் பூசாரி ஒருவர், சாகக் கிடந்தபோது தன் கைக்குழந்தையை அவர்களிடம்தான் ஒப்படைத்தார். என்னைப் பொறுத்தவரை பத்து வருடப் பிரசங்கத்தைவிட அது பெரிய விஷயம்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பால், 1914ல் பிறந்தவன். கணக்குப் பாடத்தை மரத்தில் ஏறி உட்கார்ந்து போடுவானாம், தாயார் கீழே நின்று திருத்துவாராம். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார், வயது 44. செய்தி தந்தியில் போனது. அவர் மகனுக்கு எழுதியிருந்த கடிதங்கள் கப்பலில் போய்க்கொண்டிருந்தன. அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, அப்பாவின் கையெழுத்தில் மலையைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

எவ்லின் அம்மாளை மிஷன் கீழ்நாட்டு வேலைக்கு மாற்றியது. 1947ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் ஊருக்குப் போனாரா? 68 வயதில் தனியாளாக மறுபடி மலையேறிவிட்டார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக் குதிரையிலும், நடை தள்ளாடியபோது இரண்டு மூங்கில் குச்சிகளை ஊன்றியும் சுற்றினார். 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார்.

இனி என் கதை. 1978ல் நான் நாமக்கல் பக்கம் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கொல்லிமலையிலிருந்து ஒருவர் மகளின் ஹாஸ்டல் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். பஸ் காசு மிச்சமாகட்டும் என்று விடியுமுன் நடந்தே இறங்கியிருந்தார். மனுவில் ஒரு விவரம் குறைவு. அப்போதே நான் கேட்டு எழுதிக்கொண்டிருக்கலாம், இரண்டு நிமிட வேலை. "நாளைக்கு வாய்யா" என்றேன். நாளைக்கு வந்தார். அதிகாரி முகாமில் இருந்தார். மூன்றாம் முறை வந்தபோது என் மேஜையில் வேறு அவசரம். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் தாழ்வாரத்தில் அதே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "திங்கக்கிழமை வா" என்றேன். திங்கட்கிழமை வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

1980 தேர்தலில் எனக்கு மலைமேல் டியூட்டி. வேலை முடிந்த மறுநாள் வாழவந்தியில் கணவன், மனைவி இருவரின் கல்லறைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ, "சாமி, நல்லா இருக்கீங்களா?" என்றார்கள். திரும்பினால் அவர்தான். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது, தெரியாத மாதிரி நிற்கப் பார்த்தேன். முடியவில்லை.

"மகள் எங்க படிக்குது?" என்று கேட்டேன்.

"அந்த வருசம் தவறிப் போச்சுங்க சாமி. அப்புறம் கட்டிக் குடுத்துட்டோம்."

குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. மழை தவறிய வருடத்தைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார். கல்லறையைக் காட்டி, "இந்தக் கிழவியம்மா இருந்தா குச்சி ஊனிக்கிட்டே ஊட்டுக்கே வந்துருவாங்க சாமி" என்றார். பிறகு தோளில் இருந்த சாக்கை இறக்கி, ஒரு சீப்பு மலைவாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். காசு கொடுக்கக் கை போனது, கொடுக்கவில்லை. கீழே இறங்கும் பஸ்ஸில் அந்தச் சீப்பு மடியிலேயே இருந்தது, ஒரு பழமும் உரிக்கவில்லை.

இந்தக் கடைசிப் பகுதியை எல்டர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். என் மனைவிக்கே அன்றுதான் தெரியும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆந்திராப் பையன் கேட்டான்: "அந்தத் துரை மொத்தம் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் அங்கிள்?"

"எனக்குக் கிணற்றுச் சுவர் கதைதான் தெரியும் தம்பி" என்றேன்.

டெல்லிப் பையன் சிரித்தான். மனைவி இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினாள். ஒன்பது மணிக்குள் அறைக்குத் திரும்ப வேண்டுமாம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். அடுத்த வாரம் வரலாமா என்று கேட்டார்கள். வாருங்கள், ஆனால் நான் மாறமாட்டேன், மோர் மட்டும் நிச்சயம் என்றேன். லிப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடியும் படியில் இறங்கிப் போனார்கள்.