ஊவா மலையில் ஓர் அயலான்

வெளிநாட்டில் ஆசிரியராய் வாழ்ந்த அனுபவம் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று விழா மலர்க் குழுவினர் பழைய மாணவர் சிலரைக் கேட்டிருந்தனர். யாழ்ப்பாணத்தார் ஒரு காலத்தில் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போயினர். 1970களிலும் 1980களிலும் நைஜீரியா, சாம்பியா முதலிய நாடுகளுக்கு ஆசிரியராய்ப் போனோரும் பலர். ஜப்பானியப் பள்ளிக்கூடங்களிலே ஆங்கிலம் கற்பிக்கும் பிறநாட்டு இளைஞரின் அனுபவங்களை இன்று நாம் ஆவலோடு வாசிக்கிறோம். எனக்கோ கடல் கடக்கும் பேறு வாய்த்ததில்லை. கடவுச்சீட்டு இல்லாமலே, புகைவண்டி ஏறி, ஓர் அயல்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமே அந்த அயல்நாடு.

1979ஆம் ஆண்டு நியமனக் கடிதம் கைக்கு வந்தபோது எனக்கு வயது இருபத்துநான்கு. யாழ்தேவியிலே பொல்காவலை வரை வந்து, அங்கே காத்திருந்து, பதுளைக்குச் செல்லும் இரவு வண்டியைப் பிடித்தேன். மலை என்ற பெயரில் நான் அதுகாறும் நன்கறிந்தது நம் கடலோரத்துக் கீரிமலை ஒன்றே. ஹப்புத்தளையில் பொழுது விடிந்தபோது, புகைவண்டிக்கு இருபுறமும் நிலம் கீழே விழுந்து கிடப்பதைக் கண்டு திகைத்தேன். எல்லவைத் தாண்டியதும் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம். அதன்பின், தண்டவாளம் வளைந்து வந்து தான் கடந்த நிலையத்தின் கீழேயே நுழைந்து செல்லும் தெமோதரை. ஈற்றில், 1924இல் புகைவண்டி எட்டிய கடைசி நிலையமாகிய பதுளை. அங்கிருந்து பசறைக்குப் பஸ். பசறையிலிருந்து நமுனுகுலை மலைச்சரிவிலே கால்நடை.

பாடசாலை என்பது நீண்ட மண்டபம் ஒன்று. இடைச்சுவர் கிடையாது. ஐந்து வகுப்புகளுக்கு ஆசிரியர் இருவர். மூன்றாம் வகுப்பு வாய்பாடு சொல்லும்போது ஐந்தாம் வகுப்பும் அதைக் கேட்டே தீர வேண்டும். மழை பெய்தால் தகரக் கூரையின் ஓசையில் பாடம் நின்றுவிடும். அப்போது எழுத்து வேலைதான். தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாய்ப் பொறுப்பேற்று வந்த காலம் அது. பெயர்ப்பலகை மாறியிருந்தது, வாங்கு மேசைகள் பழையனவே.

அதிகாலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். பெண்கள் கூடையுடன் பிரட்டுக் களத்துக்கு விரைவர். கைக்குழந்தைகள் பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். அங்கே போகாது அடம்பிடித்த தம்பியையோ தங்கையையோ இடுப்பிலே சுமந்துகொண்டு மூன்றாம் வகுப்புச் சிறுமி பாடசாலைக்கு வருவாள். அக்குழந்தைகளையும் சேர்த்தால் என் வகுப்பில் எப்போதும் இடாப்பிலுள்ள தொகைக்கு மேலேயே வரவு இருக்கும். காலையில் எனக்கு லயத்து வீடொன்றிலிருந்து ரொட்டியும் சம்பலும் வரும். சாயத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குளிர் காயக் கற்றுக்கொண்டேன். மாரியில் காலிலே ஏறும் அட்டைக்குச் சவர்க்காரம் பூசும் வித்தையை மாணவரே எனக்குக் கற்பித்தனர். யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசும் மாதங்களில் ஊவாவிலும் காற்று வீசும். ஆனால் மேற்கு மலைகளிலே மழையை உதிர்த்துவிட்டு, ஈரமிழந்து வரும் வறட்டுக் காற்று அது. அக்காற்றுப்பட்ட கொழுந்தாலேயே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணம் உண்டாயிற்று. அந்த மணமுள்ள தேயிலை பெட்டிகளில் ஏறிப் போய்விடும். பறித்தவர் குடிப்பது தூள்தான்.

மொழி ஒன்றேயாகையால் இடர்ப்பாடு இராதென்று எண்ணியிருந்தேன். முதல் நாளே "கெதியாய் வா" என்றேன், ஒருவனும் அசையவில்லை. "வெரசா வரச் சொல்றாருடா" என்று ஒரு சிறுமி மொழிபெயர்த்தாள். "ஆறுதலாய் எழுது" என்றால், யாருக்கு என்ன துக்கம் நேர்ந்தது என்று விழித்தனர். நான் "ஓம்" என்னும்போதெல்லாம் பின்வரிசையில் சிரிப்பு எழும். மந்திரம் சொல்லத் தொடங்குகிறேன் என்று நினைத்தார்களாம். ஆறு மாதத்தில் அவர்கள் என் பேச்சையும் நான் அவர்கள் பேச்சையும் கற்றோம். விடுமுறையில் ஊர் வந்தபோது "ஆமாங்க" என்று வாய்தவறிச் சொல்லி வீட்டாரின் நகைப்புக்கு ஆளானேன்.

நாவலர் மரபிலே வளர்ந்தவன் நான். வழிபாடென்றால் திருநீறும் தேவாரமும் நியமமான பூசையும் என்று அறிந்தவன். தோட்டத்திலே மாரியம்மனும் முனியாண்டியும் மட்டுமன்றி, தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனியும் இருந்தார். மாசி மாதத்தில் காமன் கூத்துத் தொடங்கியது. பகலெல்லாம் முதுகொடியக் கவ்வாத்து வெட்டியவர் இரவிலே ரதியும் மன்மதனுமாகி ஆடினர். காமன் எரிந்தபின் ரதியின் புலம்பலைக் கேட்டுப் பெண்கள் விம்மியழுதனர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாம் எண்ணும் முதியவர் ஒருவர், பல இரவுகளுக்குரிய பாடல்களை ஏடில்லாமல் பாடினார். ஆடி மாதத்தில் நம்மவர் பாதயாத்திரை செல்லும் கதிர்காமமும் இதே ஊவா மாகாணத்தில் உள்ளதுதான். கந்தன் அங்கே கோயில் கொண்டிருப்பதை மறவாத நாம், அவன் அயலிலே வாழும் தமிழரை எத்துணை எளிதில் மறந்துவிட்டோம்!

மாலை வேளைகளில் என் விடுதி வாசலிலே ஆட்கள் கூடுவர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதம் இருக்கும். பிரசாவுரிமை பற்றிய கடிதங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அமைந்தவை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பிரித்துக்கொண்டன. நூல்களில் இவை எண்கள். என் விடுதி வாசலிலோ, அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று வந்த கடிதங்கள். அவற்றை உரக்க வாசித்துப் பொருள் சொல்வது என் வேலையாயிற்று. கணக்குப் பாடத்தை விட அதுவே கடினம்.

ஐந்தாம் வகுப்பிலே கணக்கில் வல்லவனான ஒரு சிறுவன் இருந்தான். அவன் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பலேற ஒரு திங்கட்கிழமை புறப்பட்டனர். அவனுடைய பாட்டன் காலத்திலிருந்து அத்தோட்டமே அவர்களது ஊர். இந்தியாவை அவன் தேசப்படத்திலேயே கண்டிருந்தான். இடாப்பிலே அவன் பெயருக்கு நேரே, விலகிய காரணம் என்ற இடத்தில், "இந்தியா சென்றார்" என்று எழுதினேன். அவ்வாண்டு அதே இரு சொற்களை ஒன்பது முறை எழுத நேர்ந்தது. சில மாதங்களின் பின் நீலகிரியிலிருந்து அவன் கடிதம் வந்தது. அங்கும் தேயிலைத் தோட்டமாம், அங்கும் குளிராம். "இங்க எங்கள சிலோன்காரங்கன்னு சொல்றாங்க மாஸ்டர்" என்று எழுதியிருந்தான். இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளிருக்கும் பேச்சுக்கும் அயலானென்று என்னை நானே எண்ணி இரங்கிக்கொண்டிருந்தவன், அன்றோடு அவ்விரக்கத்தை விட்டேன். விரும்பிய நாளில் இடமாற்றம் கேட்டு ஊர் திரும்பக்கூடியவன் அயலான் ஆவதெப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு தாய் பதினொரு வயது மகனைக் கையிற் பிடித்து வந்தார். "மாஸ்டர், ஒங்க ஊருல நல்ல வீடா பாத்து இவன வேலைக்குச் சேத்து விடுங்க. வயிறாரச் சாப்புடுவான்" என்றார். அதிலே குறை கூறும் தொனி சிறிதுமில்லை. நம்மூரை அவர் அறிந்த வழி அதுவே. நம் வீடுகளிற் பல, மலைநாட்டுச் சிறுவரை அப்படித்தான் அறிந்திருந்தன. அவர்களை அழைக்க ஓர் இழிசொல்லும் வைத்திருந்தன. "பையன் பசறைக்குப் போய்ப் படிக்கட்டும் அம்மா" என்றேன். "பஸ் காசு யாரு மாஸ்டர் குடுக்கிறது? எழுபத்துநாலு பஞ்சத்துல ஒன்ன மண்ணுல வெச்சிட்டேன். இவனாச்சும் சாப்புட்டு இருக்கட்டும்" என்றார் அவர். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கோயில் தலைவரிடம் சொன்னேன். அவர் பசறையருகே தோட்டமொன்றில் இருந்த பையனின் தாய்மாமனுக்கு ஆளனுப்பினார். மாமன் லயத்திலே தங்கி அவன் படித்தான். பின்னாளில் அவனே ஆசிரியனானான்.

எங்களைப் போல வடக்கிலிருந்து சென்ற ஆசிரியருள் அர்ப்பணிப்போடு உழைத்தோர் பலர். ஆயினும் கட்டாய சேவைக் காலம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தோரும் உளர். ஓர் ஆசிரியர் போனால் அடுத்தவர் வரும்வரை வகுப்பு வெறுமையாய்க் கிடக்கும். 1983 ஜூலையில் கலவரத் தீ பதுளை நகரையும் எரித்தபின், வடபகுதி ஆசிரியர் பலர் திரும்பி வந்தோம். திரும்பி வருவதற்கு எமக்கு ஓர் ஊர் இருந்தது. எம் மாணவர் அந்த லயங்களிலேயே இருந்தனர்.

அடுத்த ஆண்டே தலைமன்னார்க் கப்பலும் நின்றது. நாடற்றவராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைப் பிரசாவுரிமை வழங்கியது. பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றி மலையகத்துப் பிள்ளைகளையே ஆசிரியராக்கியது. பதுளையில் இன்று ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. லயங்கள் மட்டும் இன்னும் முற்றாய் மறையவில்லை. 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோது, தமக்கென ஒரு துண்டு நிலமும் வீடும் இல்லாத வாழ்வின் கொடுமையை நாடு முழுவதும் கண்டது.

இம்மலரை வாசிக்கும் மாணவருள் சிலர் நாளை ஆசிரியராவர். ஜப்பானுக்கோ கனடாவுக்கோ போக வாய்த்தால் மகிழ்ச்சியோடு போங்கள். பதுளைக்கு நியமனம் வந்தால் முகம் சுளியாதீர்கள். இடமாற்றப் படிவத்தைப் பெட்டியின் அடியிலே வைத்துவிட்டு, முதல் ஆறு மாதம் அவர்களுடைய தமிழைக் கற்றுக்கொள்ளுங்கள். அதன்பின் உங்கள் தமிழைக் கற்பிக்கலாம்.